ஜன்னலோரத்து இடம்

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் நடுப்பகல். காலையெல்லாம் பெய்த மழை விட்டு வெயில் அடித்துக் கொண்டிருந்தது. சாப்பாட்டு மணிக்குப் பிறகு ஏழாம் வகுப்பில் நாம் வருகைப் பதிவை விரித்துப் பெயர்களைக் கூப்பிட்டோம். ஒரு பெயருக்கு மட்டும் பதில் வரவில்லை. அந்தப் பெயருக்கு என்றுமே பதில் வருவதில்லை. பையன் தலையை நிமிர்த்தவும் மாட்டான்; பக்கத்தில் இருக்கும் பிள்ளைதான், "இருக்கான் சார்" என்று அவனுக்காகச் சொல்வான். அன்றைக்கு அந்தப் பிள்ளையும் வாய் திறக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தோம். இடம் காலியாக இருந்தது.

நாஞ்சில் நாட்டைப் பார்த்திராத நேயர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இரண்டு பருவ மழையும் பெய்கிற சீமை இது. 1906-ம் வருஷத்தில் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்தபின் கால்வாய்ப் பாசனமும் சேர்ந்துகொண்டது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல். ஐப்பசி பிறந்துவிட்டால் குளங்கள் மறுகால் பாயும். வாய்க்காலெல்லாம் கரை தொட்டு ஓடும். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால், தேடுகிறவர்களின் கால்கள் தாமாகவே தண்ணீரை நோக்கித்தான் ஓடும். நம் கால்களும் அப்படியே ஓடின.

குளத்து மடையின் கற்படியில், கணுக்கால் அளவுத் தண்ணீரில் பையன் நின்றுகொண்டிருந்தான். மடைவாயிலிருந்து வெளியே வரும் தண்ணீர் ஒரு கல்லில் மோதிச் சுழித்துப் போவதையே பார்த்துக் கொண்டிருந்தான். பெயரைச் சொல்லிக் கூவினோம், திரும்பவில்லை. காதைப் பிடித்து இழுத்துப் போக வேண்டும் என்று ஒரு க்ஷணம் தோன்றியது உண்மை. ஆனால் ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. நாற்பது வயதைத் தாண்டிய உபாத்தியாயருக்குக் கோபத்தைக் காட்டவும் கொஞ்சம் மூச்சு வேண்டியிருக்கிறதல்லவா? ஆகவே அவன் பக்கத்துப் படியில் உட்கார்ந்து விட்டோம்.

கால் மணி நேரம் இருக்கும். பேசாமல் நாமும் அந்தச் சுழியைப் பார்த்தோம். பிறகு, அவன் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்தபடியே, "இது எப்பவும் இந்தப் பக்கமாத்தான் சுத்துமா?" என்று கேட்டோம்.

"எலை வந்தா மாறும்" என்றான்.

ஜூன் மாதம் முதல் அவன் நம்மிடம் பேசியவற்றில் அதுதான் மிக நீளமான வாக்கியம். சொன்னது சரிதானா என்று பார்க்க இருவரும் ஓர் இலை வருவதற்காகக் காத்திருந்தோம். வந்தது, மாறிற்று.

இதற்குள் செய்தி வீட்டுக்குப் போய், அவனுடைய பாட்டா வரப்பு வழியாக ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். "சார், பயல அடிச்சிராதிய. வீட்டிலயும் இப்படித்தான். மடை தொறந்து வெள்ளம் பாஞ்சா அங்க போய் நிப்பான். வேற எங்கயும் ஒரு நிமிசம் நிக்கமாட்டான்" என்றார். அவர் கைகள் நடுங்கிக் கொண்டிருந்தன. நாம் அடிப்போமோ என்ற பயம் மட்டும் அல்ல அது என்பது நமக்குத் தெரிந்தது.

*

இனி நம்முடைய குற்றத்தைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில் அந்தப் பையனின் தாயார் நம்மிடம் வந்து, "சார், இவனை ஜன்னலோரத்தில் உட்கார வையுங்கள், வேப்பமரம் கண்ணில் பட்டால் அடங்கி இருப்பான்" என்று கேட்டார். ஜன்னலோரத்தில் உட்கார்ந்த பிள்ளை பராக்குப் பார்க்கும் என்பது உபாத்தியாயர்களின் வேதவாக்கு. ஆகையால் மறுத்து விட்டோம். முன் வரிசையில், சுவரை ஒட்டி, நம் கண்ணெதிரே உட்கார வைத்தோம். அவனுடைய தலைக்கு நேர் மேலே ஒரு மின்விசிறி. அது ஒவ்வொரு சுற்றுக்கும் கிறீச்சென்று ஒரு சத்தம் போடும். பல வருஷங்களாக அந்த அறையில் பாடம் நடத்தும் நமக்கு அந்தச் சத்தம் காதில் விழுவதே இல்லை. அவனுக்கோ வேறு எதுவுமே காதில் விழவில்லை. அவன் காதைப் பொத்திக் கொண்டு எழுந்தால், சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னோம். ஐந்து மாதம் சுவரைப் பார்த்த பிள்ளை ஒரு நாள் தண்ணீரைப் பார்க்கப் போய்விட்டது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இத்தகைய பிள்ளைகளுக்கு வைத்திய சாஸ்திரம் இப்போது பல பெயர்கள் வைத்திருக்கிறது. சத்தமும் வெளிச்சமும் தொடுதலும் பிறரைவிட அதிகமாக உறைப்பது, பேச்சும் பழக்கமும் வேறு விதமாக இருப்பது, ஒரே பொருளில் மனம் ஆழ்ந்து விடுவது ஆகியவற்றை ஆட்டிஸம் என்கிறார்கள். ஓரிடத்தில் நிற்காமல் தாவுகிற கவனத்துக்கு வேறு பெயர். எழுத்துக்கள் கண்ணுக்குப் பிடிபடாமல் நழுவுவதற்கு மற்றொரு பெயர். இவற்றையெல்லாம் நோய் என்று மட்டும் எண்ணாமல், மனித மூளையின் பல்வேறு அமைப்புகளாகப் பார்க்க வேண்டும் என்ற அபிப்பிராயம் 1990-களின் இறுதியில் உலகில் வலுப்பெற்றது. காட்டில் ஒரே ஜாதி மரமா இருக்கிறது என்று கேட்பதைப் போன்ற அபிப்பிராயம் அது.

நம்முடைய பாரதக் கதையில் துரோணாசாரியார் நடத்திய வில் பரீட்சையை யார்தான் கேட்டதில்லை? மரக்கிளையில் பொம்மைப் பறவையை வைத்து, என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவரையும் கேட்டார். மரம், கிளை, தம்பிமார், ஆசாரியார் எல்லாமே தெரிகிறதென்ற தருமபுத்திரருக்கு அன்று தோல்வி. பறவை ஒன்றைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை என்ற அர்ச்சுனனுக்கு வெற்றி. இன்று அதே பரீட்சையை நம் பள்ளிக்கூடத்தில் நடத்தினால், "இவனுக்குக் கவனம் சிதறுகிறது" என்று அண்ணனையும், "இவனுக்குப் பக்கத்தில் நிற்பவர்களே தெரியவில்லை" என்று தம்பியையும், இருவரையுமே வைத்தியரிடம் அனுப்பி வைப்போம்! அர்ச்சுனனுக்குக் குறி வைக்க ஒரு பறவை கிடைத்தது. நம் வகுப்பிலிருக்கும் அர்ச்சுனர்களுக்கு நாம் சுவரைத்தானே கொடுத்திருக்கிறோம்?

*

அன்றிரவு இந்த விஷயத்தைப் பற்றிய புத்தகங்களைப் புரட்டிய போது, நமக்கு மிகவும் வேண்டிய ஒரு கதை அகப்பட்டது. ஆட்டிஸம் என்று வைத்தியர்கள் முதன்முதலாக விவரித்து எழுதிய பிள்ளையின் கதைதான் அது.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் லியோ கானர் என்ற வைத்தியர் 1943-ம் வருஷத்தில் பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் முதலாவதாக வருகிறவன் மிஸிஸிப்பி மாகாணத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில் 1933-ல் பிறந்த டொனால்ட் டிரிப்லெட். சுற்றிச் சுழலும் பொருள்களையே பார்த்துக் கொண்டிருப்பான். எண்களை ஓயாமல் எண்ணுவான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். அக்காலத்து வைத்தியர்களின் யோசனைப்படி, நான்கு வயதுகூட நிரம்பாத அவனைப் பெற்றோர் ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே இருந்த ஓராண்டில் பிள்ளை இன்னும் ஒடுங்கிப் போனான். மனம் பொறுக்காமல் 1938-ல் வீட்டுக்கே திரும்ப அழைத்து வந்தார்கள்.

பிறகு 1942-ல், ஒன்பதாம் வயதில், அவன் தன் ஊருக்குப் பத்து மைல் தூரத்தில் பயிரிட்டு வாழ்ந்த லூயிஸ் என்ற குடியானவத் தம்பதிகளின் வீட்டில் தங்கினான். 1945-ல் அவனைப் பார்க்கப் போன கானர், அந்தத் தம்பதிகளின் அறிவைக் கண்டு பிரமித்துப் போனார். பையன் எதையாவது அளந்துகொண்டே இருக்கிறானா? அவனைக் கொண்டு ஒரு கிணறு தோண்ட வைத்து, எத்தனை ஆழம் வந்திருக்கிறது என்று வந்து சொல்லச் செய்தார்கள். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிச் சேர்க்கிறானா? அவற்றைப் புதைக்க ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். அவன் ஒவ்வொன்றுக்கும் பெயர்ப் பலகை நட்டு, நத்தைக்கும் அந்தக் குடியானவரின் குடும்பப் பெயரையே சூட்டி வைத்தான்! சோளக் கொல்லையில் வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணுகிறானா? உழுதுகொண்டே எண்ணு என்று கலப்பையைக் கையில் கொடுத்தார்கள். கானரின் கண்ணெதிரே அந்தப் பையன் ஆறு நீளமான வரிசைகளைக் குதிரை பூட்டி உழுது, குதிரையையும் லாகவமாகத் திருப்பிக் காட்டினான்.

டொனால்ட் பிற்காலத்தில் கல்லூரியில் படித்து 1958-ல் பட்டம் பெற்றார். பாங்கில் வேலை பார்த்தார். தன்னந்தனியாகப் பல தேசங்களுக்குப் பிரயாணம் செய்தார். தம் சொந்த ஊரிலேயே எண்பத்தொன்பது வயது வரை வாழ்ந்து 2023-ல் காலமானார்.

இந்தக் கதையில் ஒரு சங்கதியை மறைக்கலாகாது. டொனால்டின் வீட்டார் செல்வர்கள். அவர் வேலை பார்த்த பாங்கு அவர் குடும்பத்தாருடையது. அந்த வசதி எல்லாருக்கும் இல்லை. ஆனால் லூயிஸ் தம்பதிகள் செல்வர்கள் அல்ல. குத்தகை நிலத்தில் பயிரிட்டவர்கள். மனோதத்துவம் படித்தவர்களும் அல்ல. பிள்ளையின் போக்கை முறிக்காமல், அந்தப் போக்கு ஓடுவதற்கு ஒரு வாய்க்கால் வெட்டிக் கொடுத்தார்கள். மண்ணில் வேலை செய்கிறவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

*

நம் நாட்டுக் குடியானவர்களுக்கும் அது தெரிந்திருந்தது என்றே நாம் நினைக்கிறோம். நம் சிறு வயதில் ஊரில் ஒருவர் இருந்தார். யாரோடும் பேச மாட்டார். யார் முகத்தையும் பார்க்க மாட்டார். ஆனால் முரட்டுக் காளையும் அவர் கை பட்டால் அடங்கி நிற்கும். இரவில் ஏலாவுக்குத் தண்ணீர் திருப்ப அவரைத்தான் அனுப்புவார்கள். ஒரு வயலும் விட்டுப் போகாது, ஒரு வரப்பும் உடையாது. ஊரில் அவருக்கு ஓர் இடம் இருந்தது. அதே சமயம், ஊர் அவருக்கு வைத்திருந்த பெயரை இங்கே எழுத நமக்கு மனம் வரவில்லை. அவர் பெற்ற கூலி சாப்பாடு மட்டுந்தான். அவரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று எவரும் எண்ணியதில்லை. பழைய காலம் பொற்காலம் என்று சொல்வதற்கு நாம் இதை எழுதவில்லை. பழைய ஊரில் இருந்த அந்த இடமும் இன்று போய்விட்டது. அதற்குப் பதிலாக என்ன கொடுத்திருக்கிறோம் என்பதே கேள்வி. இப்போது காளையின் இடத்தில் டிராக்டர் நிற்கிறது. அறுவடைக்கும் இயந்திரம் வருகிறது.

பதில் தேடி உழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். விழுப்புரம் மாவட்டத்தில் குணமங்கலம் என்ற ஊரில் கார்த்திகேயன் என்பவர் 2013-ல் தொடங்கிய ஸ்ருஷ்டி ஸ்தாபனத்தார், அறிவு வளர்ச்சியில் வேறுபாடுள்ளவர்கள் ஒன்றாக வாழ்ந்து உழவும் தோட்ட வேலையும் மாடு பராமரிப்பும் செய்கிற ஒரு கிராமத்தையே உண்டாக்கினார்கள். சட்டமும் முன்னைவிடக் கண் திறந்திருக்கிறது. 1995-ம் வருஷத்துச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே அங்கீகரித்தது. 2016-ல் வந்த சட்டம் ஆட்டிஸத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்து இருபத்தொரு வகைகளை அங்கீகரித்து, பள்ளிக்கூடம் அவரவர் தேவைக்கு ஏற்ற வசதி செய்து தர வேண்டும் என்றும் விதித்தது. ஜன்னலோரத்து இடம் கேட்ட தாயார் சட்டம் படித்தவரல்லர். ஆனால் சட்டம் அவர் பக்கத்தில் இருந்தது; நாம்தான் எதிர்ப் பக்கத்தில் இருந்தோம்!

*

சரி, மரத்தையும் குளத்தையும் காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அப்படிச் சொல்கிறவர்களை நேயர்கள் நம்ப வேண்டாம். இயற்கை ஒரு தைலம் அல்ல, மூன்று வேளை தடவிக் குணம் பார்ப்பதற்கு. சேறு காலில் பட்டால் அலறுகிற பிள்ளைகளும் உண்டு. கன்னியாகுமரிக் கடற்காற்றைத் தாங்காமல் முகத்தை மூடிக் கொள்கிறவர்களும் உண்டு. தோவாளைப் பூச்சந்தையில் ஒரு பிள்ளைக்கு மல்லிகையின் மணம் சொர்க்கம். மற்றொரு பிள்ளைக்கு அதே மணம் தலைவலி. ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் முப்பந்தலில் வரிசை வரிசையாகச் சுழலும் காற்றாலைகளைப் பார்த்துக் கொண்டே பஸ்ஸில் பரம சாதுவாக வருகிற பிள்ளை, நாகர்கோவில் பஸ் நிலையத்தில் இறங்கியதும் காதைப் பொத்திக் கொள்ளும். ஒவ்வொரு பிள்ளைக்கும் எது பிடிக்கிறது என்பதை அந்தப் பிள்ளையிடமிருந்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆராய்ச்சியாளர்களும் அளவோடுதான் பேசுகிறார்கள். அமெரிக்காவில் இலினாய் சர்வகலாசாலையைச் சேர்ந்த இருவர் 2009-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், கவனம் நிலைக்காத பதினேழு பிள்ளைகளை ஒரு தடவை பூங்காவிலும், ஒரு தடவை கடைத்தெருவிலும், ஒரு தடவை வீடுகள் நிறைந்த தெருவிலும் இருபது நிமிஷம் நடக்க வைத்துப் பிறகு சோதித்தார்கள். பூங்காவில் நடந்த பிறகு கவனம் நன்றாக நின்றது. பதினேழு பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாதுதான். ஆனால் இருபது நிமிஷம் மரத்தடியில் நடப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லையே!

வட அயர்லாந்தைச் சேர்ந்த டாரா மக்கானல்ட்டி என்ற இளைஞர், தாமும் ஆட்டிஸம் உள்ளவர், பதினான்கு வயதில் பறவைகளையும் பூச்சிகளையும் பார்த்து எழுதிய நாட்குறிப்பு 2020-ல் புத்தகமாக வந்து, இயற்கை நூலுக்கான வெயின்ரைட் பரிசைப் பெற்றது. இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு பெற்றோரும் தம் பிள்ளையிடமிருந்து ஒரு புத்தகத்தை எதிர்பார்க்கத் தொடங்கினால், அது சுவரைப் பார்த்து நிற்கச் சொல்வதைப் போன்ற இன்னொரு தண்டனையாகிவிடும். சுழியைப் பார்க்கிற பிள்ளை, சுழியைப் பார்த்தால் போதும்.

ஆனால் பத்திரமாகப் பார்க்க வேண்டும். பாட்டாவின் கைகள் ஏன் நடுங்கின என்பதை இப்போது சொல்கிறோம். ஆட்டிஸம் உள்ள பிள்ளைகளில் பலர் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போய்விடுகிறவர்கள். அவர்களில் அநேகரைத் தண்ணீர் இழுக்கிறது. மற்றப் பிள்ளைகளைவிட இவர்கள் நீரில் மூழ்கி இறக்கும் அபாயம் பன்மடங்கு அதிகம் என்று அமெரிக்காவில் 2017-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று காட்டியது. பக்கத்துக்குப் பக்கம் குளமும் வாய்க்காலும் கடலுமாக இருக்கிற நம் சீமையில் இது விளையாட்டான விஷயமல்ல. அதற்காகப் பிள்ளையை அறையில் பூட்டுவது பரிகாரம் ஆகாது. பூட்டு ஒரு நாள் திறந்திருக்கும். நீச்சல் கற்றுக் கொடுக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம். குளத்தங்கரை டீக்கடைக்காரரிடமும் சலவை செய்கிறவர்களிடமும், "இந்தப் பிள்ளை தனியாக வந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள்" என்று வெட்கப்படாமல் சொல்லி வைக்க வேண்டும். காணவில்லை என்றால் முதலில் தண்ணீர்ப் பக்கம் ஓட வேண்டும். இதையெல்லாம் ஊரார் தெரிந்துகொள்ள வேண்டுமானால், முதலில் வீட்டார் பிள்ளையை ஒளித்து வைக்காமல் இருக்க வேண்டும்.

குளத்தையும் ஒளித்து வைக்காமல் இருக்க வேண்டும்! மனைக்கும் சாலைக்குமாகக் குளங்கள் சுருங்கி வருவதைப் பார்க்கிறோம். சுசீந்திரம், தேரூர், மணக்குடி நீர்நிலைகள் 2015-ல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டன. 2022-ல் சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூர் நீர்நிலையும் ராம்சார் உடன்படிக்கையின் சர்வதேசப் பட்டியலில் சேர்ந்தன. கூழைக்கடாவும் நாரையும் வந்து தங்குகின்றன என்பதற்காகக் கிடைத்த கௌரவம் அது. குழந்தைகளுக்காகப் பாட்டு எழுதிய உபாத்தியாயர், கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1876-ல் பிறந்ததும் அதே தேரூரில்தான். பறவைகளுக்காகக் குளம் வேண்டும் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. சில பிள்ளைகளுக்கு ஊரிலேயே நிம்மதியாக நிற்க முடிந்த ஒரே இடம் அதுவாக இருக்கலாம் என்பதை நாம் சேர்த்துச் சொல்லிக் கொள்கிறோம். பட்டியலில் இல்லாத சின்னக் குளங்களுக்கும் இது பொருந்தும்.

*

கார்த்திகை முதல் தேதியன்று அந்தப் பையனை ஜன்னலோரத்துக்கு மாற்றினோம். மின்விசிறிக்கு எண்ணெய் போட்டோம். இரண்டணாச் சமாசாரம் என்று அந்தக் காலத்தில் சொல்வார்களே, அவ்வளவுதான் வேலை. பரீட்சையில் அவனுடைய மார்க்கு அதிகமாகவில்லை. ஆனால் கடைசி மணி வரைக்கும் வகுப்பில் இருக்கிறான். பெரும்பாலும் வேப்பமரத்தைப் பார்க்கிறான். இடையிடையே கரும்பலகையையும் பார்க்கிறான். வெள்ளிக்கிழமை கடைசிப் பாட வேளையில் வகுப்பு முழுவதையும் குளத்தங்கரைக்கு அழைத்துப் போக அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். மேலிடத்தில் யோசித்துக் கொண்டிருக்கிறார்கள். பாட்டா யோசித்துக் கொண்டிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று பேரனுக்கு நீச்சல் பழக்குகிறார்.

பெயர் கூப்பிட்டால் பையன் இன்னும் பதில் சொல்வதில்லை. பக்கத்துப் பிள்ளைதான் சொல்கிறான், "இருக்கான் சார்" என்று. நாமும் தலையை நிமிர்த்தி, இருக்கிறானா என்று ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துக் கொள்கிறோம்.